வாசகர் கேள்வி – பதில்: மௌ காப் குன்றில் தொடங்கிய எழுப்புதல்

கேள்வி: மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மறைவுக்குப் பின் இங்கிலாந்தில் 'பிரிமிட்டிவ் மெதடிஸ்ட்' என்றொரு சபை தனியே பிரிந்தது ஏன்? உபதேச வேறுபாடுதான் காரணமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உபதேசத்தில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இருந்ததில்லை. யார் பிரசங்கிக்கலாம், எங்கே பிரசங்கிக்கலாம் என்பதில்தான் பிளவு ஏற்பட்டது. ஸ்டாஃபோர்ட்ஷயரின் மட்பாண்டத் தொழில் வட்டாரத்தைச் சேர்ந்த தச்சர் ஹியூ போர்ன், அமெரிக்கப் பிரசங்கியார் லொரென்சோ டவ் வாயிலாக அந்நாட்டின் முகாம் கூட்டங்களை (வெட்டவெளியில் திரண்டு நடத்தும் நீண்ட பிரசங்க, ஜெபக் கூட்டங்களை)ப் பற்றிக் கேள்விப்பட்டு, 1807 மே 31 அன்று செஷயர் எல்லையிலுள்ள மௌ காப் குன்றில் அத்தகைய கூட்டம் ஒன்றை நடத்தினார். அன்று காலை முதல் மாலை வரை, குன்றின் பல இடங்களில் ஒரே நேரத்தில் பிரசங்கமும் ஜெபமும் நடந்தன. ஆனால் சில வாரங்களிலேயே லிவர்பூலில் கூடிய வெஸ்லியன் மாநாடு (வெஸ்லி வழிவந்த தாய்ச்சபையின் ஆளுகை மன்றம்), இத்தகைய கூட்டங்கள் அமெரிக்காவுக்குப் பொருந்தினாலும் இங்கிலாந்துக்குச் சற்றும் தகாதவை என்று தீர்மானித்தது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய அக்காலத்தில், வெட்டவெளியில் திரளும் கூட்டத்தை அரசு ஐயத்தோடு பார்த்ததால், மாநாட்டாரின் அச்சம் காரணமற்றதன்று. ஆயினும், 1739-இல் பிரிஸ்டலில் திறந்தவெளியில் நின்று ஏழைகளுக்குப் பிரசங்கித்த வெஸ்லியின் வழிவந்தவர்களே இத்தடையை விதித்தது மிகவும் வேதனைக்குரியது. போர்ன் 1808-இலும், மட்பாண்டத் தொழிலாளியான வில்லியம் குளோஸ் 1810-இலும் சபையிலிருந்து நீக்கப்பட்டனர். இருவரைச் சூழ்ந்தவர்களும் 1811-இல் ஒன்றிணைந்து, அடுத்த ஆண்டு டன்ஸ்டலில் 'பிரிமிட்டிவ் மெதடிஸ்ட்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டனர்.

கேள்வி: அந்த இயக்கம் விட்டுச்சென்றது என்ன?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வெஸ்லியன் மாநாடு 1803-இல் பெண்கள் பிரசங்கிப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தது. போர்னோ 1808-இலேயே பெண்களின் ஊழியத்தை ஆதரித்துச் சிறு நூல் எழுதினார். சாரா கர்க்லண்ட் போன்ற பெண்கள் ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்தனர். சுரங்கத் தொழிலாளரும் பண்ணைக் கூலிகளும் இச்சபையின் சிற்றாலயங்களில் வாசிக்கவும், கணக்கு வைக்கவும், கூட்டத்தின் முன் அஞ்சாது பேசவும் பழகினர். 1872-இல் வார்விக்ஷயரில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைத் திரட்டிய ஜோசப் ஆர்ச் இச்சபையின் பிரசங்கியார். டர்ஹம் சுரங்கத் தொழிலாளரை 1830-களின் தொடக்கத்தில் ஒன்றுசேர்த்த தாமஸ் ஹெப்பர்னும் இச்சபையினரே. தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர் இந்தச் சிற்றாலயங்களை ஒருவரியில் கடந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

1932-இல் இச்சபை வெஸ்லியன் சபையோடும் ஐக்கிய மெதடிஸ்ட் சபையோடும் இணைந்து, ஒரே மெதடிஸ்ட் திருச்சபையின் அங்கமாயிற்று. போர்னின் கல்லறை உள்ள எங்கில்சீ புரூக்கில், 1828-இல் கட்டப்பட்ட ஆலயம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

கேள்வி: யாழ்ப்பாணத்து மெதடிஸ்த திருச்சபை இவர்கள் வழி வந்ததா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. 1814-இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணி தொடங்கியவர்கள் வெஸ்லியன் மிஷனரிகள். பிரிமிட்டிவ் மெதடிஸ்டுகள் தங்கள் மிஷன் பணியைப் பெரிதும் ஆப்பிரிக்காவில் நடத்தினர். 1870-இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய பெர்னாண்டோ போ தீவிலும் தென்னாப்பிரிக்காவின் அலிவால் நார்த்திலும் அதைத் தொடங்கினர்.