படம் கூர்மையாக வருகிறது, உயிர் வரவில்லையே?

கேள்வி: கேமரா வாங்கி ஓராண்டு ஆகிறது. அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) எல்லாம் புரிந்துவிட்டது. படங்கள் பளிச்சென்று வருகின்றன. ஆனால் பார்ப்பவர்கள் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். தொழில்நுட்பத்தை ஓரங்கட்டிவிட்டு, இனி கலையைப் படிக்கலாமா?

பதில்: ஓரங்கட்டாதீர்கள். நீங்கள் படித்த எண்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைத்தான் இன்னும் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

ஒரு கணக்கு. எஃப் எண் கூடக்கூட லென்ஸின் திறப்பு சுருங்கும் என்பதை நினைவில் வையுங்கள். எஃப் 2.8-இல் 1/500 நொடி, எஃப் 5.6-இல் 1/125 நொடி, எஃப் 11-இல் 1/30 நொடி. மூன்றிலும் சென்சாரில் விழும் வெளிச்சம் ஒன்றே. கேமராவைக் கேட்டால் மூன்றும் சரி என்றுதான் சொல்லும். கையசைத்து விடைகொடுக்கும் ஒருவரை இந்த மூன்று விதத்திலும் எடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் பின்னணி கரைந்து, கை உறைந்து, அவர் மட்டும் தனியே நிற்பார். மூன்றாவதில் பின்னால் உள்ள கூட்டம் தெளிவாகத் தெரியும், அசையும் கை மட்டும் கலங்கும். முதலாவது அவருடைய தனிமை. மூன்றாவது அந்த இடத்தின் பரபரப்பு. எது வேண்டும் என்பதை கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் சொல்லாது, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அறிவியலும் கலையும் சேரும் இடம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த மீட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். அதனால் ஃபிரேமை நிறைக்கும் கறுப்புப் பூனை வெளிறிப்போகும், வெள்ளைச் சுவர் அழுக்காகத் தெரியும். பூனைக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைத்தும், சுவருக்கு ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டியும் பாருங்கள். 1940 வாக்கில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் உருவாக்கிய ‘ஸோன் சிஸ்டம்’ இந்தச் சிக்கலைத்தான் முறைப்படுத்தியது. காட்சியின் எந்தப் பகுதி எவ்வளவு கறுப்பாக, எவ்வளவு வெளுப்பாக வர வேண்டும் என்பதை எடுக்கும் முன்பே மனத்தில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப அளப்பார்கள். பார்வை முதலில், அளவு அப்புறம்.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஒரு ஜன்னல், ஒரு ஆள், ஒரே லென்ஸ் போதும். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். அவரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், அரை மீட்டர் தள்ளி உட்கார வையுங்கள். முகத்துக்குச் சரியாக எக்ஸ்போஷர் வைத்தால் பின்சுவர் இருட்டில் அமிழும். ஜன்னலை விட்டு விலகும்போது வெளிச்சம் அவ்வளவு வேகமாகக் குறைகிறது. மூக்கின் நிழல் ஓரம் கன்னத்தில் மெதுவாகக் கரைவதையும் கவனியுங்கள். பிறகு அவரைச் சுவரை ஒட்டி உட்கார வைத்து, மறுபடியும் முகத்துக்கு அளந்து எடுங்கள். இப்போது சுவரும் முகமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும், நிழலின் ஓரமும் சற்றே கூர்மையாகும். ஆள் மாறவில்லை, முகபாவமும் மாறவில்லை, ஆனால் முதல் படத்தில் ஏதோ ரகசியம் இருப்பதுபோல் தோன்றும். ஏன் என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிதானமாக யோசியுங்கள்.

இதே ஆளை மிக அருகில் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகும். பலர் லென்ஸைக் குறை சொல்வார்கள். உண்மையில் நீங்கள் நிற்கும் தூரம்தான் காரணம். ஸூம் செய்வதும் நடந்து போவதும் ஒன்றல்ல.

இனி ஷட்டரை அழுத்தும் முன், இந்தப் படத்தில் எதைக் காட்டப் போகிறேன் என்று ஒரு வாக்கியம் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். எண்களை அதன் பிறகு தேர்ந்தெடுங்கள். வாக்கியம் வரவில்லையென்றால், ஃபிரேமுக்குள் தேவையில்லாதது ஏதோ இருக்கிறது. ஒரு பக்கம் நகர்ந்து பாருங்கள்.

வகுப்பில் சேர்வதானால், உங்கள் படங்களையே முன்னால் வைத்துப் பேசும் வகுப்பாகத் தேடுங்கள். புது லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம்.