ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

மனப்பாடம் செய்ய வேண்டாம். செய்யவும் முடியாது. ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் இந்த ஒரு சொல்லோடு மாதக்கணக்கில் இருந்து, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார். 2011இல் அது செய்தியாகவே வந்தது. 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுடையது. அதற்கே 430 பொருள்கள்தான்.

ஆனால் மட்டக்களப்புத் தமிழ் பேசுகிறவருக்கு ‘ரன்’ பயப்பட வேண்டிய சொல் இல்லை. கல்லடியில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சொல் வரும்போது அகராதியைத் திறக்கச் சொல்வதில்லை. “நம்மட ‘ஓடு’வை வச்சு என்னென்ன சொல்லுவீங்க?” என்றுதான் கேட்பேன். ஆத்துத் தண்ணி ஓடுது, உதயதேவி ரயில் கொழும்புக்கு ஓடுது, யாவாரம் நல்லா ஓடுது, படம் ஒரு மாசம் ஓடினது, சின்னவனுக்கு மூக்கால ஓடுது என்று வரிசையாக வரும். இவை அத்தனையையும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போட்டே சொல்லலாம். காலால் ஓடுவதுதான் முதற்பொருள், மற்றதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்று இருந்த காலத்திலேயே அதற்கு ஓடுதல், நீர் பாய்தல் இரண்டும் பொருள். அதன் உறவுச் சொல்லான ‘ரின்னன்’ இன்றைய ஜெர்மன் மொழியில் நீர் வழிந்தோடுவதையே குறிக்கிறது. நிற்காமல் தொடர்ந்து போவது என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். அதைப் பிடித்துக்கொண்டால், பின்னால் மணிக்கூடும் இயந்திரமும் கணினி நிரலும் வந்தபோது ஏன் இதே சொல்லைத் தூக்கிப் போட்டார்கள் என்பது தானாகவே விளங்கும்.

நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. எழுத்துத் தமிழில் பஸ் ஓடும், சாரதி பஸ்ஸை ஓட்டுவார். நம் பேச்சிலோ பஸ்ஸும் ஓடும், “மாமா பஸ் ஓடுறார்” என்றும் சொல்வோம். சைக்கிள் ஓடப் பழகினேன் என்றுதான் இங்கே எல்லாரும் சொல்வார்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்டால் இது பிழை என்பார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த பிரயோகம், ஏனென்றால் ‘ரன்’ செய்வதும் இதையேதான். மிசின் ‘ரன்’ ஆகும், நீங்கள் மிசினை ‘ரன்’ பண்ணலாம். ஓடுவதற்கும் ஓட வைப்பதற்கும் ஒரே சொல். ‘ஹி ரன்ஸ் எ ஷொப்’ என்றால் கடைக்காரர் எங்கோ ஓடுகிறார் என்பதல்ல, கடையை ஓட வைத்துக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடம் நடத்துவது, பரிசோதனை செய்து பார்ப்பது, குழாயைத் திறந்து தண்ணீர் விடுவது எல்லாம் இந்த வாசலால் வருகின்றன.

ஒரே ஓர் எச்சரிக்கை. மாமா பஸ் ஓடுகிறார் என்பதை ‘ரன்ஸ் எ பஸ்’ என்று மாற்றிவிடக் கூடாது. அப்படிச் சொன்னால் பஸ் சேவையை நடத்துகிறார் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். சாரதி வேலைக்கு ‘ட்ரைவ்’தான்.

நகராத பொருளுக்கும் ஆங்கிலம் இதைப் போடும். பொத்துவிலில் இருந்து அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதி கரையோரமாக ‘ரன்’ ஆகிறது. நாம் “கடலோரத்தால போகுது” என்போம். வீதி அசையாது, பார்க்கிறவரின் கண்தான் அதன் வழியே போகிறது.

பிள்ளைகள் உண்மையில் தடுமாறும் இடம் வேறு. ‘ரன் அவுட்’ என்றதும் எல்லோருக்கும் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். அதனால் வீட்டில் அரிசி முடிந்துவிட்டது என்று சொல்ல ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்’ என்று எழுதிக் காட்டினால் முழிப்பார்கள். மைதானத்தில் ஓடும்போது ஆட்டமிழப்பது ஒன்று. இங்கே பொருள் வழிந்தோடி மிச்சமில்லாமல் போவது. தண்ணீர் என்ற பழைய பொருளை நினைத்துக்கொண்டால் போதும், இது மறக்காது. கூடவே அந்த ‘ஆஃப்’ முக்கியம், எது முடிந்தது என்று சொல்லும்போது அதை விடக் கூடாது. இதற்குப் பக்கத்தில் ‘ரன் லோ’, ‘ரன் ஷோர்ட்’, ‘ரன் ட்ரை’ என்று ஒரு குடும்பமே இருக்கிறது. உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் மட்டம் இறங்கினால் முதலாவது. வெள்ளாமைக்கு உரம் பற்றாமல் வந்தால் இரண்டாவது. கிணறு வற்றிப்போனால் மூன்றாவது. இந்த மூன்றிலும் ‘ரன்’ என்பதற்கு ‘ஆகிவிடுதல்’ என்று பொருள் எடுங்கள்.

‘ரன் இன்டு’ கொஞ்சம் பொல்லாதது. சந்தையில் பழைய சிநேகிதியை எதிர்பாராமல் கண்டாலும் அதுதான், வேன் மரத்தில் மோதினாலும் அதுதான். பின்னால் வருவது ஆளா மரமா என்று பார்த்தால் பெரும்பாலும் பொருள் தெரிந்துவிடும். ‘ரன் ஓவர்’ என்றால் வாகனம் ஏறிவிட்டது, அல்லது கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது. தேர்தலில் நிற்பதற்கு அமெரிக்கர் ‘ரன்’ என்பார்கள், பிரித்தானியர் ‘ஸ்டாண்ட்’ என்பார்கள்.

அப்புறம், கொப்பியில் எழுதும்போது ‘ரன் = ஓடு’ என்று எழுதாதீர்கள். கூட வரும் சொல்லையும் சேர்த்து முழு வசனமாக, உங்கள் வீட்டில் நடக்கும் ஒன்றை வைத்து எழுதுங்கள். ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதப்போகும் பிள்ளைக்கு ‘ரன் எ ஷொப்’, ‘ரன் அவுட் ஆஃப்’, ‘ரன் இன்டு’, ‘ரன் லோ’ ஆகிய நான்கும் கைவந்தால் இப்போதைக்குப் போதும். மற்றவற்றை ஆங்கிலப் பத்திரிகையில் காணும்போது அதே கொப்பியில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.