தம்பிக்குப் பங்கு கொடுக்கும் முன் அப்பாவின் கடன்

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் காலமாகி ஐந்து மாதம் ஆகிறது. நான், தம்பி, தங்கை என்று மூன்று பிள்ளைகள். மூத்தவள் என்பதால் நீதிமன்றம் என்னையே சொத்து நிர்வாகியாக நியமித்திருக்கிறது. அப்பாவின் வைப்புத் தொகையை எடுத்து என் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். அவருக்கு மருத்துவமனை பாக்கியும் வங்கியில் ஒரு தனிநபர் கடனும் இருக்கின்றன. நண்பர் ஒருவரிடம் கைமாற்று வாங்கியிருந்ததாகவும் சொல்கிறார்கள், எவ்வளவு என்று தெரியாது. தம்பி தன் பங்கை இப்போதே கேட்டு நெருக்குகிறான். கொடுத்துவிடலாமா? அப்பாவின் காலி மனையை நானே விலைக்கு வாங்கிக்கொள்ளவும் ஆசை. அதில் தவறு உண்டா?

பதில்: அப்பா போன துக்கம் ஆறுவதற்குள் கணக்கு வழக்கோடு உட்கார வேண்டியிருப்பது கஷ்டம்தான். தம்பி விஷயத்துக்குப் போகும் முன் ஒரு வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். அந்தப் பணத்தை உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து வெளியே எடுங்கள். வங்கியில் நியமன ஆணையைக் காட்டி, அப்பாவின் சொத்து நிர்வாகத்துக்கென்றே தனிக் கணக்கு ஒன்று தொடங்கி அதில் போடுங்கள். உங்கள் சம்பளமும் அப்பாவின் வைப்புத் தொகையும் ஒரே கணக்கில் கிடந்தால், ஒரு வருடம் கழித்து எது யாருடையது என்று பிரித்துக் காட்ட உங்களாலேயே முடியாது. பிரித்துக் காட்ட முடியாத பணத்துக்கு நீதிமன்றம் உங்களைத்தான் பொறுப்பாக்கும்.

சரி, தம்பி. இப்போது கொடுக்காதீர்கள். அவர் கேட்பது நியாயமான பங்காகவே இருக்கலாம். ஆனால் பங்கு எவ்வளவு என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. கடன் போக மிஞ்சுவதுதான் வாரிசுகளுக்கு. பல நாட்டுச் சட்டங்களில் வரிசை ஏறக்குறைய இதுதான்: முதலில் இறுதிச் சடங்குக்கான நியாயமான செலவு, அடுத்து நிர்வாகத்துக்கான செலவு, பிறகு கடன்கள், கடைசியில்தான் வாரிசுகள். இந்த வரிசையை மாற்றிப் பங்கைக் கொடுத்துவிட்டு, பின்னால் கடன்காரர் வந்து நின்றால், தவறாகக் கொடுத்த அளவுக்கு நிர்வாகி தன் கைப்பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டிவரும். தம்பியிடம் திருப்பிக் கேட்கலாம்தான், ஆனால் அந்தப் பணம் அதற்குள் வீட்டு முன்பணமாகப் போயிருக்கும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் இரண்டே மாதத்தில் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்திருந்தார். அடுத்த வருடம் இறந்தவருடைய பழைய வரி பாக்கிக்கு நோட்டீஸ் வந்தது. அண்ணன் தம்பிகள் யாரும் போனை எடுக்கவில்லை. அவர்தான் கட்டினார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தம்பிக்குச் சொல்ல உங்களுக்குச் சட்டமே துணை இருக்கிறது. இங்கிலாந்தின் 1925-ஆம் ஆண்டு சொத்து நிர்வாகச் சட்டம், இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும் வரை பங்கு பிரிக்கும்படி நிர்வாகியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. அந்தச் சட்ட மரபில் வந்த நாடுகள் பலவற்றிலும் இதே போன்ற அவகாசம் உண்டு. தம்பியிடம் இதை வாய்மொழியாகச் சொல்லாமல், கடன் பட்டியலை நகலெடுத்துக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். பட்டியலைப் பார்த்தால் கோபம் பாதி அடங்கிவிடும்.

அந்தக் கைமாற்றுதான் எனக்குக் கவலை. எழுத்தில் இல்லாத கடன் என்று தள்ளிவிடாதீர்கள். அப்பாவின் டைரி, பழைய பாஸ்புக், பணப்பரிமாற்றச் செய்திகள், அலமாரியில் சட்டைப் பைக்குள் மடித்து வைத்த துண்டுச் சீட்டு வரைக்கும் பாருங்கள். அந்த நண்பரை நேரில் பார்த்து, தொகையும் தேதியும் ஆதாரமும் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம், கடன்காரர்கள் யாராவது இருந்தால் தெரிவிக்கும்படி பத்திரிகையில் அறிவிப்பு கொடுங்கள். இங்கிலாந்தில் இதற்குக் குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும். அந்தக் காலம் முடிந்த பிறகு, நீங்கள் அறிந்த கடன்களைத் தீர்த்துவிட்டு மிச்சத்தைப் பிரித்தால், அதுவரை தெரியாமலிருந்த கடனுக்காக உங்கள் மேல் கை வைக்க முடியாது. அந்தக் கடன்காரர்கள், பங்கு வாங்கியவர்களிடம்தான் போக வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டத்தில் எத்தனை நாள், எங்கே அறிவிக்க வேண்டும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடனைத் தீர்ப்பதிலும் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. இருக்கும் சொத்து எல்லாக் கடனுக்கும் போதாது என்று தெரிந்தால், அப்பாவின் நண்பர் நல்லவர் என்பதற்காக அவருக்கு முழுதும் கொடுத்துவிட்டு மருத்துவமனையைக் காத்திருக்க வைக்கக் கூடாது. அடமானம் இல்லாத, சட்டம் முன்னுரிமை தராத கடன்களுக்கு ஒரே விகிதம்தான். அப்படிப்பட்ட கடன் 100 என்றும் கையில் இருப்பது 60 என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு 60. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, நிர்வாகிக்கு வரவேண்டிய கடனையும் இதே தட்டில்தான் வைக்கிறது. அப்பாவின் மருந்துக்கு நீங்கள் கடனாகக் கொடுத்த பணம் இருந்தால் அதற்கும் இதே கதிதான்.

வரியையும் மறக்காதீர்கள். அப்பா உயிரோடு இருந்த காலத்து வருமானத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்வது பெரும்பாலான நாடுகளில் நிர்வாகியின் கடமை.

மனை விஷயத்தில் உங்கள் நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் விற்பவரும் நீங்கள், வாங்குபவரும் நீங்கள். விற்பவர் அதிக விலை கேட்க வேண்டும், வாங்குபவர் குறைக்கப் பார்க்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் எப்படிச் செய்வது? இங்கிலாந்தில் 1726-இல் ஒரு வழக்கு. சிறுவன் ஒருவனுக்காகச் சந்தைக் குத்தகை ஒன்றை அறங்காவலர் பார்த்துக்கொண்டார். சிறுவன் பெயரில் புதுப்பிக்க நில உரிமையாளர் மறுக்கவே, அறங்காவலர் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டார். அவர் ஏமாற்றவில்லை. ஆனாலும் குத்தகையும் லாபமும் சிறுவனுக்கே என்று தீர்ப்பானது. இந்தியச் சட்டத்தில், நிர்வாகி இறந்தவரின் சொத்தை வாங்கினால், அதில் உரிமையுள்ள வேறு யார் வேண்டுமானாலும் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். இன்று சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடும் தங்கை, விலை ஏறிய பிறகு வேறு மாதிரி நினைக்கலாம். மனை உங்களுக்கு வேண்டுமென்றால், தனி மதிப்பீட்டாளரின் அறிக்கை, தம்பி தங்கையின் எழுத்துமூல ஒப்புதல், நீதிமன்ற அனுமதி மூன்றையும் முதலில் வாங்குங்கள்.

இனி கணக்கு. இந்தியாவில் நியமனம் கிடைத்த 6 மாதத்துக்குள் சொத்து, கடன் விவரப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். வேறு நாடானாலும் கேட்கும்போது காட்டக் கணக்கு இருந்தே ஆக வேண்டும். ஒரு நோட்டுப் போட்டு, தேதி, தொகை, யாருக்கு, எதற்கு என்று அன்றன்றே எழுதுங்கள். கடை ரசீதின் மெல்லிய தாளில் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

தம்பிக்கு உண்மையிலேயே அவசரம் என்றால் ஒரு வழி இருக்கிறது. அறிவிப்புக் காலம் முடிந்து, தெரிந்த கடன் அத்தனைக்கும், வரக்கூடிய வரிக்கும் தாராளமாக ஒதுக்கிய பிறகும் மிஞ்சுவது நிறைய இருந்தால், அதிலிருந்து ஒரு பகுதியை முன்கூட்டியே தரலாம். மூவருக்கும் ஒரே அளவில், ஒரே நாளில், கடன் கிளம்பினால் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.