நிஷிகசாயில் வீடு, ஓதெமாச்சியில் வேலை

தம்பி, ஏப்ரலில் டோக்கியோவுக்கு வேலைக்கு வருகிறேன், அலுவலகம் நடுநகரில் ஓதெமாச்சியில், எல்லாரும் சொல்கிறபடி நம்மவர்கள் நிறைய இருக்கும் நிஷிகசாயில் வீடு பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே, டோக்கியோவில் பழசு என்று பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா, படத்தில் எல்லாம் கண்ணாடிக் கட்டடமாகத் தெரிகிறதே என்றும். இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: மேடு எது, பள்ளம் எது என்று பாருங்கள்.

வீடு தாராளமாகப் பார்க்கலாம். தோசாய் லைன் சுரங்க ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. காலை எட்டு மணிக்கு மட்டும் மூக்கைச் சொறியக் கையைத் தூக்க முடியாது. உளுந்து, புளிக்கு அலைய வேண்டாம். யூஆர் என்ற அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்புகளைக் கேளுங்கள். ஜாமீன் ஆள், தரகு, ரெய்கின் எதுவும் இல்லை. ரெய்கின் என்பது வீட்டுக்காரருக்கு நன்றியாகக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கக் கூடாத பணம். நான் விஷயம் தெரியாமல் இரண்டு மாத வாடகையை அப்படி அழுதேன்.

சரி, பள்ளத்துக்கு வருகிறேன். நிஷிகசாய் இருக்கும் எடோகாவா வார்டின் நிலத்தில் சுமார் 70 சதவீதம், கடல் ஓதம் ஏறி நிற்கும்போதுள்ள நீர்மட்டத்துக்குக் கீழே. போன நூற்றாண்டில் ஆலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி மண் இறங்கிவிட்டது. பக்கத்தில் ஓடும் அரகாவா, 1910 வெள்ளத்துக்குப் பிறகு மனிதர்கள் வெட்டிய கால்வாய். வார்டு 2019இல் வீடு வீடாகக் கொடுத்த வெள்ள வரைபடத்தின் அட்டையிலேயே 'இங்கே இருக்கக் கூடாது' என்று போட்டிருந்தது! அதே அக்டோபரில் பெரும்புயல் வந்த அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேற்கே நகானோவில் நண்பர் வீட்டில் படுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அதற்கப்புறம் நான்காம் மாடிக்கு மாறிவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், தெற்கே கடலைத் தூர்த்து உண்டாக்கிய செய்ஷின்சோ பழைய நிலத்தைவிட மேடு.

ஊரின் கதையும் இதுதான். 1590இல் தொகுகாவா இயெயாசு என்ற போர்ப்பிரபு, அன்று எடோ என்று பெயர் கொண்ட இந்த ஊருக்கு வந்தபோது கோட்டையடி வரை கடல் நுழைந்திருந்தது. இன்றைய ஹிபியா அந்தக் கழிமுகத்தைத் தூர்த்த இடம். 1603 முதல் அவர் வம்சத்தின் ஆட்சி இங்கே, பேரரசர் கியோத்தோவில். 1868இல்தான் 'கிழக்குத் தலைநகரம்' என்ற பொருளில் டோக்கியோ ஆனது. பிரபுக்களின் மாளிகைகள் பெரும்பாலும் மேட்டில், யமனொதே. கைவினைஞரும் வணிகரும் பள்ளத்தில், ஷிதமாச்சி. 1923 பூகம்பத் தீயும் 1945 மார்ச் 10 குண்டுவீச்சும் தலா ஒரு லட்சம் பேர் அளவில் கொன்றபோது அதிகம் எரிந்தது ஷிதமாச்சிதான். அசகுசாவின் சென்சோஜி கோயில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். நீங்கள் பார்க்கப்போகும் பெரிய மண்டபம் 1958இல் கட்டியது.

ஆகவே கட்டடத்தில் பழசைத் தேடாதீர்கள். ஷிபுயாவில் எல்லாரும் நாற்சந்தியைப் படம் எடுப்பார்கள். நீங்கள் கின்ஸா லைனைப் பாருங்கள். சுரங்க ரயில், ஆனால் மூன்றாம் மாடியில் வந்து நிற்கும். ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கு, அவ்வளவுதான்.

உங்களுக்கு அதற்குக்கூட அலைச்சல் வேண்டாம். அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் பழைய கோட்டையின் ஓதெமோன் வாசல். பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனால் அரண்மனைக் கிழக்குத் தோட்டம், கட்டணம் இல்லை. 1657 தீயில் எரிந்து, பிறகு கட்டப்படாமலே போன கோட்டைக் கோபுரத்தின் கல் பீடம் மட்டும் நிற்கிறது. மேலே ஏறலாம். மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போங்கள். திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும்.