கப்பலில் நடக்கும் கொலைக் கதை, தொலைக்காட்சிப் படமானால் ஏன் சப்பென்று போய்விடுகிறது?

கப்பல் இந்த வகைக் கதைக்கு அருமையான இடம். யாரும் இறங்கி ஓட முடியாது, போலீஸும் உடனே வராது. கொலையாளி பக்கத்து மேசையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அந்தப் பயம்தான் கதையின் உயிர். பல தொலைக்காட்சிப் படங்கள் அதையே கோட்டைவிடுகின்றன. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக சுமார் ஒன்றரை மணி நேரம்தான் மிஞ்சும். அதனால் அவசரமாகப் பிணத்தைக் காட்டிவிடுகிறார்கள். செத்தவர் யாரென்றே சரியாகப் பழகவில்லை, அப்புறம் எப்படிப் பதறுவோம்? நைல் நதியில் போகும் கப்பலில் நடக்கும் கொலையைச் சொல்லும், 1978-இல் வந்த ‘டெத் ஆன் தி நைல்’ திரைப்படம், பயணிகளின் பகைகளை நிதானமாகக் காட்டிவிட்டுத்தான் கொலைக்கே வருகிறது. ஒவ்வொருவரும் அதை எப்படிச் செய்திருக்கலாம் என்றும் காட்டுகிறது. சரி, தொலைக்காட்சிப் படத்துக்குச் செலவழிக்கக் கிடைக்கும் பணம் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் அறைகளை மட்டும் அரங்கில் போட்டு, கடலையே காட்டாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.