தோற்றது கோட்டையால் அல்ல

வணக்கம் ஐயா,

யாழ்ப்பாணத்தில் நடந்த சதுரங்கப் போட்டியொன்றில் நான் கறுப்பு. கடைசியில் எதிராளிக்கு ராஜா டி5, கோட்டை ஏ7, சிப்பாய் ஈ5. எனக்கு ராஜா ஈ8, கோட்டை பி6. நான் கோட்டையை பி1க்கு இறக்கினேன். அவர் ராஜா டி6, நான் கோட்டை ஈ1, அவர் ராஜா ஈ6. செக்மேற்றுக்குப் பயந்து ராஜாவை டி8க்கு எடுத்தேன், தோற்றேன். பி6ஐ விட்டதுதானே பிழை? கோட்டையைச் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தால் நடுவர் ட்ரோ (சமநிலை) தந்திருப்பாரா?

— உயர்தர மாணவன், கொக்குவில்

அன்புள்ள தம்பி,

பி6ஐ விட்டது அவசரம். தோற்கடித்தது ராஜா டி8.

கோட்டை ஆறாம் வரிசையில் நிற்கும்வரை வெள்ளை ராஜா அங்கே ஏற முடியாது. சிப்பாய் ஈ6க்கு வந்த பிறகுதான் பி1க்கு இறங்க வேண்டும். அப்போது டி1, ஈ1 என்று பின்னாலிருந்து செக் விழும். வெள்ளை ராஜா ஒளியக்கூடிய கட்டத்தில் அவருடைய சிப்பாயே நிற்கும். பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777இலேயே காட்டிய தற்காப்பு இது. எங்கட பிள்ளைகள் சிசிலியன் என்ற தொடக்க ஆட்டத்தை இருபது நகர்த்தல் பாடமாக்குவார்கள், இதைத் தொடமாட்டார்கள்.

நீர் முந்தி இறங்கியதால் ஈ6 வெறுமையாகக் கிடந்தது. ஆனாலும் கோட்டையை ஈ1இல் போட்டது நல்ல யோசனை. அங்கே ராஜா எஃப்8 ஆடியிருந்தால் ட்ரோ: அவர் கோட்டை ஏ8 செக், நீர் ராஜா ஜி7. அவர் கோட்டை ஈ8 என்றால் நீர் கோட்டை ஏ1, ஏ6இல் செக் வரும். அதை மறிக்க அவர் கோட்டை டி8 போனால் திரும்ப ஈ1, சிப்பாயின் முதுகுக்கு.

சிப்பாயின் ஒரு பக்கம் மூன்று வரி (எழுத்தால் குறிக்கும் நெடுக்குக் கோடு), மறுபக்கம் நான்கு. உமது ராஜா குறுகிய பக்கம் ஒதுங்கி, நீண்ட பக்கத்தைக் கோட்டைக்கு விடவேண்டும். டி8க்குப் போனால் அவர் கோட்டை ஏ8 செக், நீர் ராஜா சி7, பிறகு அவருடைய கோட்டை ஈ8. உமக்கு மிஞ்சுவது எச் வரி மட்டும். உமது கோட்டை எச்6 செக், அவர் ராஜா எஃப்7. எச்7 செக், ஜி6. இரண்டே எட்டில் அவர் ராஜா கோட்டையைப் பிடித்துவிடும்.

நடுவர் தானாகத் தரமாட்டார். சிப்பாய் நகராமல், எதுவும் வெட்டுப்படாமல் இருவரும் 50 நகர்த்தல் ஆடினால் நீர் கோரலாம். ஐம்பதாவதைத் தாளில் எழுதும், காயைத் தொடாதேயும், கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடும். தொட்டால் அந்த முறைக்கு உரிமை போச்சு. கோரிக்கை பிழைத்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். இந்தக் கணக்கில் யாரும் கேளாமலே முடிவது 75 நகர்த்தலில்தான். ஒரே நிலை மூன்றாம் தரம் வந்தாலும் இதே நடைமுறை. அதுதான் பெரும்பாலும் முந்தி வரும், ஆகவே தாளை ஒழுங்காக எழுதும்.

ரியூசன் நண்பன் ஒருவனை வெள்ளையில் இருத்தி, ராஜா ஜி7இல் நிற்கும் நிலையிலிருந்து நிறம் மாற்றி மாற்றி ஆடிப்பாரும்.