கேள்வி-பதில்: பல் இம்ப்ளான்டின் மேற்பரப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டேன். இம்ப்ளான்ட் (பல்வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் திருகு) வைக்க மருத்துவர் இரண்டு விலை சொல்கிறார். இரண்டும் டைட்டானியம்தான், விலை கூடியது மட்டும் இரத்தத்தை ஈர்த்துச் சீக்கிரம் எலும்பைப் பிடித்துக்கொள்ளும் ‘ஹைட்ரோஃபிலிக்’ வகை என்கிறார். இது உண்மையா, விற்பனைப் பேச்சா?

பதில்: உண்மைதான். ஆனால் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் சில வாரங்களுக்கான விலை மட்டுமே.

டைட்டானியத்தில் காற்றுப் பட்டவுடன் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் படிந்துவிடுகிறது. இரத்தமும் எலும்பும் தொடுவது இந்தப் படலத்தைத்தான். ஸ்வீடன் மருத்துவர் பிரோனமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு வைத்த திருகுகள் ஏறக்குறைய வழவழப்பானவை என்பதால், எலும்பு பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று பரவலாக உள்ள ஒரு முறையில், அலுமினாத் துகள்களைப் பீய்ச்சியடித்துப் பரப்பைக் குழிகளாக்கி, பிறகு அமிலத்தில் அரித்து, ஒன்று முதல் இரண்டு மைக்ரோமீட்டர் அளவுக்குச் சொரசொரப்பாக்குகிறார்கள்.

துளையிட்ட எலும்பில் திருகு இறங்கியதும், ஃபைப்ரினோஜன் முதலிய இரத்தப் புரதங்கள் நொடிகளில் அதன் மேல் படிகின்றன. தட்டணுக்கள் ஒட்டி, வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுகின்றன. பிறகு இரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. எலும்பை உருவாக்கும் செல்கள் அந்த இழைகளைப் பிடித்து இழுத்தபடியே திருகை நோக்கி நகர்ந்து வருகின்றன. வழவழப்பான பரப்பில் இந்த இழுப்பைத் தாங்காமல் வலை பிய்ந்துவிடக்கூடும். அப்போது எலும்பு துளையின் சுவரிலிருந்துதான் மெல்ல வளர்ந்து வரவேண்டும். சொரசொரப்பான பரப்பிலோ இழைகள் குழிகளில் சிக்கி நிற்பதால், செல்கள் திருகை வந்தடைந்து அதன் மேலேயே எலும்பைப் படியவைக்கின்றன.

சொரசொரப்பான பரப்பும் உறைக்குள் காய்ந்து கிடந்தால், காற்றிலுள்ள கார்பன் சேர்மங்கள் படிந்து நீரை ஒட்டவிடாது. அதனால்தான் விலை கூடிய வகைகளில் சில உப்புக்கரைசலில் அடைபட்டு வருகின்றன. குப்பியிலிருந்து எடுத்து வைக்கும்போது, மரைகளின் வழியே இரத்தம் தானாக மேலேறிப் பரவுவதைக் கண்ணாலேயே காணலாம். காய்ந்த வகையில் இது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை.

பலன் எவ்வளவு? தன்னார்வலர்களிடம் சிறிய இம்ப்ளான்ட்களை வைத்து, பிறகு சுற்றியுள்ள எலும்போடு எடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. 28ஆம் நாளில் எலும்பு தொட்டிருந்த பரப்பு ஹைட்ரோஃபிலிக் வகையில் சுமார் 48 சதவீதம், காய்ந்த வகையில் சுமார் 32 சதவீதம்; 42ஆம் நாளிலோ இரண்டுமே சுமார் 62 சதவீதம். ஆகவே, பல்லைச் சீக்கிரம் கட்டியாக வேண்டும் என்ற அவசரமோ, எலும்பு மிருதுவாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லும் காரணமோ இருந்தால் கூடுதல் தொகை நியாயம். இரண்டு மூன்று மாதம் பொறுக்க முடிந்தவர், கடைவாயில் ஒரு பல்லுக்காக அதைக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

கேள்வி: சொரசொரப்பு அதிகமாக இருந்தால் இன்னும் நல்லதுதானே?

பதில்: இல்லை. ஈறு இறங்கி அந்தப் பரப்பு வாய்க்குள் வெளிப்பட்டால், செல்களுக்கு இடம் கொடுத்த அதே குழிகளில் பாக்டீரியாவும் குடியேறும். சுத்தம் செய்வதும் கடினம். புகைபிடிப்பவர்களும், கட்டுப்படாத சர்க்கரை நோயும் பழைய ஈறு நோயும் உள்ளவர்களும் மேற்பரப்பின் பெயரை நம்பி இருந்துவிடக் கூடாது.

கேள்வி: சொன்ன வகையைத்தான் வைத்தார்களா என்று எப்படி அறிவது?

பதில்: உறையிலோ குப்பியிலோ தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், லாட் எண், காலாவதித் தேதி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றை உங்கள் சிகிச்சைக் குறிப்பேட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பில்லிலும் இம்ப்ளான்ட், அபட்மென்ட் (திருகையும் மேல் பல்லையும் இணைக்கும் துண்டு), மேல்மூடிப் பல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே விலை எழுதி வாங்குங்கள். இந்தியாவில் இம்ப்ளான்ட்கள் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளுக்கு உட்பட்டவை என்பதால், ஸ்டிக்கரில் உற்பத்தி அல்லது இறக்குமதி உரிம எண்ணையும் பாருங்கள். பிற்பாடு திருகு தளர்ந்தால், அதற்குப் பொருந்தும் உதிரிப்பாகத்தை வேறு ஊர் மருத்துவர் தேடவும் இந்த எண்களே உதவும்.